கிராமத்துத் தேவாலயத்தின் கடைசி வாங்கு: வாசகர் கேள்வி பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விடயத்தைச் சுற்றியவை. வெளிநாட்டுச் சிறுவர் இல்லமொன்றுக்குத் தொண்டுப் பணிக்காகப் போகிறவர்கள், அங்குள்ள கிராமத்துத் தேவாலயத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். ஐவரும் உகண்டாவையே குறிப்பிடுவதற்குக் காரணம், ஆசிரியப் பணியிலிருந்து 55 வயதில் ஓய்வுபெற்ற பின்னர் அங்கே மசாக்கா நகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பத்து மாதங்கள் இருந்ததை நான் முன்னொரு பதிலில் சொல்லியிருந்ததுதான் என்று நினைக்கிறேன். ஆகவே இம்முறை ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ரீச்சர், எனக்கு 24 வயது. பாலர் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். வருகிற தை மாதம் தொடக்கம் ஆறு மாதங்களுக்கு மசாக்காவுக்குக் கிட்டிய சிறுவர் இல்லமொன்றில் பணிபுரியப் போகிறேன். அதை அங்கிலிக்கன் சபையினர் நடத்துகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளுடன் கிராமத்துத் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்றும், ஆராதனை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் லுகாண்டா மொழியில் நடக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதில்லை. மொழியும் விளங்காது, முறையும் வேறு. அங்கே நான் என்ன செய்வது? கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: மகள், திருப்பலி பற்றிய கேள்விக்கு விடை நேரானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குத் துணையாக அங்கிலிக்கன் ஆராதனைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் அது உங்கள் ஞாயிறு கடமைக்கு ஈடாகாது, அங்கே வழங்கப்படும் நற்கருணையை நீங்கள் பெறுவதும் முறையன்று. சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நீங்கள் போகும் இடம் கத்தோலிக்கம் ஆழ வேரூன்றிய பகுதி. தற்காலத்தில் ஆபிரிக்கர் ஒருவர் முதன்முதலாக ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1939 ஆம் ஆண்டில். அந்த ஆயரான ஜோசப் கிவானுகாவின் பொறுப்பில் இருந்தது இதே மசாக்காதான். ஆகவே நடந்து போகும் தூரத்தில் இல்லாவிட்டாலும், வாடகை மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவில் இருக்கும். (அந்த மோட்டார் சைக்கிளுக்கு அங்கே பெயர் ‘போடா போடா’. வீதியில் நின்று அப்படிக் கூப்பிட முதல் வாரம் எனக்கு நா எழவில்லை.) குருவானவர் வராத ஞாயிறுகளில் உபதேசியார் ஒருவர் இறைவார்த்தை வழிபாட்டை நடத்துவார், திருப்பலிக்கு வழியில்லாதபோது அதில் பங்குகொள்ளும்படி திருச்சபைச் சட்டமே பரிந்துரைக்கிறது. இவ்வாறு இரண்டு இடங்களுக்கும் போக விரும்புகிறேன் என்று இல்லத்தாருக்கு இப்போதே எழுதிவிடுங்கள். இரு சபையினரும் அங்கே ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். 1885 முதல் 1887 வரை முவாங்கா மன்னனின் ஆணையால் கொல்லப்பட்ட மறைசாட்சிகளில் கத்தோலிக்கரும் இருந்தனர், அங்கிலிக்கரும் இருந்தனர். ஆண்டுதோறும் ஜூன் 3 அன்று நமுகொங்கோவில் இரு சபையினரும் தத்தம் திருத்தலங்களில் அவர்களை நினைவுகூருகிறார்கள்.

இனி, பிள்ளைகளுடன் போகும் ஆராதனை.

அங்குள்ளவர்கள் மணி கணக்கிடும் முறையைப் புறப்படுமுன்னரே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆராதனை நான்கு மணிக்கு என்று சொன்னார்கள். நானும் மாலை நான்கு என்று எண்ணி, முதல் ஞாயிறு காலையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆவதற்குச் சற்று முன்னர் முரசொலி கேட்டது. பிள்ளைகள் தலைவாரி முற்றத்தில் நிற்கிறார்கள், நான் முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நிற்கிறேன். லுகாண்டாவில் பகலின் மணிகளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள்: நமது ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நமது பத்து மணி அவர்களுக்கு நான்கு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரையில் வந்த நமக்கு இது புதுமையாக இருக்கக் கூடாதுதான். ஆனாலும் கையில் கட்டியிருக்கும் மணிக்கூடு ஆளை ஏமாற்றிவிடும்.

மொழியைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். உகண்டா அங்கிலிக்கன் சபையும் வழிபாட்டு நூலை வைத்தே ஆராதனை நடத்துகிறது. பாவ அறிக்கை, வேத வாசிப்பு, விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு என்ற ஒழுங்கு திருப்பலிக்குப் பழகிய உங்களுக்குச் சொல் விளங்காமலே பிடிபடும். ‘கித்தாஃபே’ என்று தொடங்கி எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னால் அது ‘எங்கள் தந்தையே’. அந்த இடத்தில் நீங்கள் தமிழில் சொல்லலாம், நான் பத்து மாதமும் அப்படித்தான் சொன்னேன். லுகாண்டா வேதாகமம் 1896 ஆம் ஆண்டிலேயே முழுமையாக வெளிவந்துவிட்டதால், வீடு தவறாமல் அட்டை கிழிந்த ஒரு பிரதி இருக்கும். நீங்கள் உங்கள் தமிழ்ப் பிரதியைக் கொண்டுபோங்கள். அந்த மொழியின் எண்களை மட்டும் முதல் கிழமையிலேயே பழகிக்கொண்டால், அதிகாரமும் வசனமும் தெரிந்துவிடும். வாசிப்பில் பாதி விளங்கியது போலத்தான். பிரசங்கம் நீளும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அடுத்து நான் சொல்லப்போவதற்காகவே இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுத ஒப்புக்கொண்டேன். நாங்கள் போன தேவாலயம் செங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. முன்பக்கத்தில் சாய்மானம் இல்லாத மரவாங்குகள், ஓரங்களில் பாய்கள், பலிபீடத்தில் பிளாஸ்டிக் பூக்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பழக்கத்தால், முதல் ஞாயிறு நான் பிள்ளைகள் 28 பேரையும் உயர வரிசைப்படி நடத்திச் சென்று, நடுவில் இரண்டு வாங்குகளில் நெருக்கி இருத்தி, ஓரத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. அன்று மாலை, இல்லத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மா (அம்மாவுக்கு அந்த மொழியில் ‘மாமா’ என்று பெயர், அதற்குப் பழகவும் சில நாட்கள் பிடித்தன) வேர்க்கடலை உடைத்துக்கொண்டே, “ஜாஜா, அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வாசலில் விட்டுவிடுங்கள், அவர்களுக்குப் போக வேண்டிய இடம் தெரியும்” என்றார். ஜாஜா என்றால் பாட்டி.

அடுத்த ஞாயிறு விட்டுவிட்டேன். வாசலைத் தாண்டியதும் 28 பேரும் 28 திசைக்குப் போனார்கள். பெரிய பையன்கள் இருவர் முரசடிப்பவரின் காலடியில் போய் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைகள் பாடசாலைத் தோழிகளின் குடும்பங்களுக்குள் செருகிக்கொண்டார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன், இல்லத்தில் யாரோடும் ஒட்டாமல் இருப்பவன், பாயில் இருந்த ஒரு கிழவியின் மடியில் தலையை வைத்துப் பிரசங்கம் தொடங்குமுன்னரே தூங்கிப்போனான். அந்தக் கிழவி அவனுக்கு இரத்த உறவு இல்லை. லுகாண்டா பேசும் பகண்டா மக்களிடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட குலங்கள் உண்டு. குரங்கு, யானை, வெட்டுக்கிளி, நுரையீரல் மீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம், அந்த அடையாளப் பிராணியை அக்குலத்தார் உண்பதில்லை, பிள்ளைக்குக் குலம் தந்தை வழியில் வரும். பையனின் குலமும் கிழவியின் காலஞ்சென்ற கணவரின் குலமும் ஒன்று. ஆகவே அவன் அவருக்குப் பேரன்; அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கிழமையில் ஆறு நாட்களும் பாடசாலையிலும் கிணற்றடியிலும் ‘இல்லத்துப் பிள்ளை’ என்று சுட்டப்படுகிறவன், ஞாயிறு அந்த மூன்று மணித்தியாலம் மட்டும் இன்ன குலத்தில் இன்னாருடைய பேரனாக இருக்கிறான். அதைத்தான் நான் முதல் ஞாயிறு, நல்லெண்ணத்தோடும் ஒழுங்கோடும், அவனிடமிருந்து பறித்து வைத்திருந்தேன்.

ஆகவே, மகள், நீங்கள் கடைசி வாங்கில் உட்காருங்கள். முன்வரிசையில் உங்களுக்கென்று கதிரை போடுவார்கள். ஒரு தடவை உட்கார்ந்து நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறிலிருந்து பின்னால் போய்விடுங்கள். சின்னப் பிள்ளைகள் உங்களைச் சுற்றி மொய்த்தால், அவர்களுடைய சொந்தக்காரரோ அயலவரோ எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே கொண்டுபோய் விடுங்கள். யாருமே இல்லாத பிள்ளை ஓரிருவர் இருப்பார்கள். அவர்கள் உங்களோடு இருக்கட்டும்.

புதிதாக வந்தவர்களை எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வார்கள். ‘முகாமா யேபாஸிப்வே’, அதாவது ஆண்டவருக்குத் தோத்திரம் என்று தொடங்கி, பெயரையும் ஊரையும் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். உங்களை ‘முயிண்டி’ என்பார்கள், இந்தியர் என்று பொருள்; நான் இலங்கை என்று விளக்கப்போய் ஒவ்வொரு முறையும் தோற்றேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசிய வம்சாவளியினருக்கு 90 நாள் தவணை கொடுத்து நாட்டை விட்டுத் துரத்தினார். 1990களில் சிலர் திரும்பி வந்து சொத்துகளை மீட்டனர். அதனால் வயதானவர்கள் உங்களை முதலில் கடைக்காரர் வீட்டுப் பெண்ணாகத்தான் பார்ப்பார்கள். மண் தரையில் அவர்களோடு இருந்து மத்தோக்கே வாழைக்காய்க் களியைக் கையால் சாப்பிடும் நாளில் அந்தப் பார்வை மாறும். உடையும் அப்படித்தான்: முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை போதும். அங்குள்ள பெண்கள் விசேட நாட்களில் தோள் கூர்மையாக எழும்பிய ‘கோமெசி’ உடுத்துவார்கள். கோவாவிலிருந்து வந்த கோமஸ் என்ற தையற்காரரின் பெயரால் வழங்கும் உடை அது. நான் ஒரு நாள் கைத்தறிச் சேலை உடுத்திப் போனபோது, கொசுவம் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆராதனைக்குப் பின்னர் அரை மணித்தியாலம் பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அதனால் ஒரு சேலை எடுத்துப் போங்கள், ஆனால் முதல் ஞாயிறுக்கு வேண்டாம்.

கையில் என்ன கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். காசில்லாத வீட்டார் முட்டை, வாழைத்தார், பலாப்பழம், கோழி என்று காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் கூறுவார்கள். அறுப்பின் பண்டிகையன்று நமது ஆலயங்களில் பூசணிக்காய்க்கு ஏலம் கூறுவதும், கோவில்களில் மாம்பழத் திருவிழாவுக்கு மாம்பழத்தை ஏலம் கூறுவதும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எனக்கு விளங்கியதாகத்தான் நானும் நினைத்தேன். விதவைப் பெண் ஒருவர் கொண்டுவந்த சிவப்புக் கோழிக்கு விலை ஐந்நூறு ஐந்நூறாக ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் கூட்ட, மற்றவர் கேலி செய்ய, பிள்ளைகள் கைதட்ட, 15,000 ஷில்லிங்கை எட்டியது. நான் எழுந்து 50,000 என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கோழியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள், அது என் சட்டையை நனைத்தது, அன்றைக்கு ஏலம் அத்தோடு முடிந்தது. பிறகு ஆலயப் பொறுப்பாளர், மிகுந்த மரியாதையோடு, “ஞாபோ (அம்மணி), இந்தக் கோழிக்கு ஊரெல்லாம் சேர்ந்து விலை வைக்கும்” என்று மட்டும் சொன்னார். ஒருவர் ஐந்நூறு கூட்டுவதும் இன்னொருவர் இன்னுமோர் ஐந்நூறு கூட்டுவதுமாக, கைக்காசு குறைந்தவரும் அந்த விளையாட்டில் பங்குகொள்ள முடிந்ததை, என் ஒரு குரல் முடித்து வைத்துவிட்டது. ஆகவே முட்டை வாங்கக் கேளுங்கள், சிறு தொகையாகக் கூட்டுங்கள், தோற்றுப்போகப் பழகுங்கள். காணிக்கையில் அயலார் போடும் அளவைப் போடுங்கள். பெரிய தொகை கொடுக்க மனமிருந்தால், இல்லத்தின் கணக்கில் பற்றுச்சீட்டோடு கொடுங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் வெள்ளவத்தையைச் சேர்ந்த சைவன். கணக்கியல் படித்திருக்கிறேன். அதே நாட்டில் ஒரு சிறுவர் இல்லத்தின் கணக்கு வழக்குகளை ஒழுங்குபடுத்த மூன்று மாதங்களுக்கு அழைத்திருக்கிறார்கள். ஞாயிறு எல்லோரும் தேவாலயத்துக்குப் போவார்களாம். நான் போனால் அது வேடமாகாதா? போகாவிட்டால் அவர்களை அவமதித்தது போலாகாதா? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: தம்பி, போவதும் போகாததும் உங்கள் விருப்பம், ஆனால் எதைச் செய்தாலும் முதல் ஞாயிறுக்கு முன்னர் இல்லத் தலைவரிடம் நீங்கள் சைவர் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஆராதனைக்கு வருவது பணிக்கு நிபந்தனையா என்பதையும் பயணச்சீட்டு எடுக்குமுன்னரே எழுத்தில் கேளுங்கள். நிபந்தனை என்றால், ஏற்பதா விடுவதா என்று இங்கிருந்தே முடிவெடுக்கலாம். அங்கே போய் முகம் சுளிப்பதைவிட அது நல்லது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன். மாதத்துக்கு இரண்டு தடவையாவது போனால்தான், நீங்கள் எழுதும் பேரேட்டில் ‘ஆலய நன்கொடை, ஒரு வாழைத்தார்’ என்று வரும் வரிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது விளங்கும். எல்லோரும் எழும்போது எழுந்து, இருக்கும்போது இருந்தால் போதும். முழந்தாளிட வேண்டியதில்லை, அப்பமும் இரசமும் வழங்கும்போது உங்கள் இடத்திலேயே இருந்துவிடுங்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களிலும் பலர் பல காரணங்களுக்காக எழுந்து போகாமல் இருப்பார்கள். உள்ளே என்ன தியானிக்கிறீர்கள் என்பதை யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. நெற்றியில் திருநீறு இருந்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: எங்கள் வீட்டில் கடவுளை வேறு பெயரால் கும்பிடுகிறோம், எங்கள் கோவிலிலும் முரசு உண்டு, தேர் உண்டு என்று. அதற்கு மேல் ஒப்பிட்டுப் பேசப் போக வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு எது மதம் என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சொல்லப்போனால் இல்லத்துக்கும் அவ்வளவாக இல்லை. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரை பிள்ளையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் பேசுகிறது; குடும்பத்தைப் பிரிந்து பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் மத, மொழி, பண்பாட்டுத் தொடர்ச்சியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 20 ஆம் உறுப்புரை. நான் இருந்த இல்லத்தில் ஒரு சிறுமியின் பாட்டி முஸ்லிம். இரண்டு மலைச்சரிவுகளுக்கு அப்பால் குடியிருந்தார். ஞாயிறுகளில் அந்தச் சிறுமி எல்லோருடனும் தேவாலயத்துக்கு வருவாள், பாடகர் குழுவில் உரக்கப் பாடுவாள். நோன்புப் பெருநாள் வந்ததும் மாமா அவளுக்குத் தலைத்துணி கட்டி, ஒரு கிலோ சீனியும் கொடுத்து, இரண்டு நாட்களுக்குப் பாட்டியிடம் அனுப்பிவைத்தார். பாதிரியாரின் மனைவிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவுமில்லை. எனக்கு மாமாவின் பக்கமே நியாயமாகப் பட்டது, இன்றும் அப்படித்தான்.

கேள்வி: எங்கள் ஆலய வாலிபர் சங்கத்தில் 12 பேர், டிசம்பர் விடுமுறையில் இரண்டு வாரம் உகண்டாவுக்குப் போய், சிறுவர் இல்லமொன்றின் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வழங்கி, கிராமத்துத் தேவாலயத்தில் அவர்களுடன் நத்தார் நாடகமொன்றை மேடையேற்றத் திட்டமிட்டிருக்கிறோம். படங்களை இங்கே காட்டி மேலும் நிதி சேர்க்கலாம் என்பது யோசனை. உங்கள் ஆலோசனை?
(தெஹிவளை)

பதில்: போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை. கோபிக்க வேண்டாம். பெரியவர்கள் வந்து வந்து பிரிவதைக் கண்டே வளரும் பிள்ளைகளுக்கு, இரண்டு வாரம் கட்டியணைத்துவிட்டு மறையும் 12 பேரால் நன்மை இல்லை. பயணச்சீட்டுக்குச் செலவாகும் காசில் ஒரு பகுதி போதும், உள்ளூர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம். முறைப்படுத்தப்படாத தொண்டுப் பணியும் சுற்றுலாவும் சிறுவர் இல்லங்களில் விளைவிக்கும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தில் கேட்டுக்கொண்டது. உலகெங்கும் இவ்வாறான இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தது அநேகமாக வறுமைதான். வருகையாளரும் நிதியும் பெருகும் இடத்தில் பிள்ளைகளை இல்லத்திலேயே வைத்திருப்பது சிலருக்கு வருமானமாகிவிடுகிறது என்பதும் மறைக்க வேண்டிய இரகசியம் அன்று.

படங்களைப் பற்றி நான் பேசுவது என் சொந்தக் குற்றத்தை வைத்துத்தான். பாடகர் குழுவில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த பையன் ஒருவனை என் கைத்தொலைபேசியில் எடுத்து, இங்குள்ள தோழிகள் மூவருக்கு அனுப்பினேன். நல்ல படம். இரண்டு மாதங்களில் அது கொழும்பிலே ஒரு சபையின் துண்டுப்பிரசுரத்தில், ‘பெற்றோரை இழந்த பாலகன்’ என்ற வரியோடு அச்சாகியிருந்தது. அவனுடைய தாய் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதே தேவாலயத்துக்கு வந்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனது சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டுப் போகிறவர். அச்சடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அனுப்பியவள் நான். அதற்குப் பிறகு தேவாலயத்துக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டு போனதே இல்லை.

சேர்த்த காசை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் பணி செய்கிறார்களா என்று அந்த இல்லத்திடம் கேளுங்கள். செய்கிறார்கள் என்றால் பாட்டிமாருக்கான ஆடு, பாடசாலைக் கட்டணம் போன்றவற்றுக்குக் கொடுங்கள். நத்தார் நாடகத்தைத் தெஹிவளையிலேயே போடுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.

கேள்வி: என் மகள் ஓராண்டு போகப்போகிறாள். காட்டுக் காய்ச்சல்கள் பற்றிக் கேள்விப்பட்டுத் தூக்கமில்லை. அதோடு, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் அவள் எந்தக் கோவிலுக்குள் போனாலும் வெளியே வரும் வரை எனக்கு நெஞ்சு பதறும். எங்கள் வீடு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கிட்ட.

பதில்: அம்மா, காய்ச்சலுக்கு வழி சொல்லலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகண்டாவுக்குள் விடமாட்டார்கள், திரும்பி வரும்போது கட்டுநாயக்காவிலும் அந்த அட்டையைக் கேட்பார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதைப் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் போட வேண்டும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். மலேரியாத் தடுப்பு மாத்திரைகளை நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா எதிர்ப்பு இயக்கத்தில் பயணிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். நுளம்பு வலையை மாலையிலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள். இன்னொன்று முக்கியம்: இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிவிட்டதால், இங்குள்ள இளம் வைத்தியர்கள் பலர் அந்த நோயைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். திரும்பி வந்த பின்னர் எப்போது காய்ச்சல் வந்தாலும், ஆபிரிக்காவிலிருந்து வந்தவள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

மற்றதற்கு என்னிடம் வழி இல்லை. நானும் கொழும்பில்தான் அந்த ஞாயிறைக் கழித்தேன். மகள் ஆராதனை முடிந்ததும் உங்களுக்கு ஒரு சொல் அனுப்பட்டும். அங்கே பகல் ஒரு மணி என்றால் இங்கே மூன்றரை. ஏலம் நீண்டால் நாலரையும் ஆகும், அதற்காகப் பதறாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன். அடுத்த மாதம் கொழும்பு திரும்புகிறேன். தேவாலயத்தில் எனக்குப் பிரியாவிடை வைக்கப் போகிறார்களாம். பிள்ளைகள் இப்போதே அழுகிறார்கள். என்ன பேசுவது?
(பம்பலப்பிட்டி வாசகி, மசாக்காவிலிருந்து)

பதில்: தங்கச்சி, போகும் திகதியைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லி, சாப்பாட்டு அறைச் சுவரில் உள்ள நாட்காட்டியில் வட்டமிடுங்கள். தேவாலயத்தில் ஊர் முன்னிலையில் முதன்முதலாக அதைக் கேட்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. அழுகிற பிள்ளைகளிடம் தனித்தனியாக, ஞாயிறுக்கு முன்னரே, இல்லத்தில் வைத்து விடைபெறுங்கள். மீண்டும் வருவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பயணச்சீட்டு கையில் இல்லாத வரை அது அவர்கள் நாள் எண்ணிக் காத்திருக்கப்போகும் பொய்.

தேவாலயத்தில் உங்களை முன்னால் அழைப்பார்கள், கைப்பின்னல் பாய் ஒன்றைச் சுருட்டிக் கொடுப்பார்கள், அநேகமாக ஒரு கோழியும் வரும். முழந்தாளிட்டு வாங்குங்கள்; அங்கே பெண்கள் மரியாதைக்கு அப்படித்தான் செய்வார்கள், நான் நின்றபடி வாங்கி ஊரைச் சங்கடப்படுத்தினேன். உங்கள் சேவையைப் பற்றியோ பிள்ளைகள் உங்கள் வாழ்க்கையை மாற்றியதைப் பற்றியோ பேச வேண்டாம். பிள்ளைகளைப் பார்க்கும் மாமாக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ‘வேபாலே ஞோ’ என்று நன்றி கூறுங்கள். ஊரார் கேட்க வேண்டிய பெயர்கள் அவைதான். பிறகு உங்கள் வாங்குக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுங்கள். கோழியை ஏலத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், இன்னொரு முறை விலை கூற அவர்களுக்கு ஒரு சாட்டும் கிடைக்கும்.